டக்பாவின் கல்

டக்பா ஊரைவிட்டுப் போன அன்று அவன் மனைவி யுட்ரோன் வீட்டைப் பெருக்கவில்லை. கிளம்பியவனின் காலடி மண்ணை அன்றே பெருக்கித் தள்ளினால் அவன் திரும்பி வருவது கஷ்டம். அதனால் முதல் நாள் விருந்தில் சிந்திய வறுத்த பார்லி மாவும், கொட்டிய சாங் கள்ளின் ஈரமும், யாரோ மிதித்து நசுக்கிய வெண்ணெயும் தரையில் அப்படியே கிடந்தன.

இன்னொன்றும் செய்தாள். நாயைக் கட்டிப்போட்டாள். கரடி என்று பெயர் வைத்திருந்த அந்தக் கறுப்பு நாய், வீட்டார் தவிர வேறு யார் படியேறினாலும் தொடையைக் கவ்விவிடும். வழியனுப்ப சால்டுங் ஊரே வரும்போது நாயை அவிழ்த்துவிட்டிருக்க முடியாது. ஆடுகளையும் அன்று மேய்ச்சலுக்கு ஓட்டவில்லை. ஓட்டிப்போக ஆளில்லை. எல்லாரும் அவன் கழுத்தில் போட வெள்ளைத் துண்டோடு ஓடையோரத்து ஸ்தூபிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

டக்பாவின் கழுத்தில் துண்டுகள் காதுவரை ஏறிவிட்டன. இரண்டு வயது மகள் சோக்கி யுட்ரோனின் முதுகில் இருந்து அவற்றைப் பிடித்து இழுத்தாள்.

"அமெரிக்காவுல என்ன வேலைடா உனக்கு?" என்று பக்கத்து வீட்டு டொல்கர் கேட்டாள். ஊரில் வாய்க்குப் பேர்போனவள்.

"சமையல்கட்டுல. மீன் வெட்டுற வேலை."

"நீயா? கோழி கழுத்தத் திருகச் சொன்னா வீட்டுக்குப் பின்னாடி ஓடி ஒளியிறவன்! மீனு உன்னைப் பாத்துச் சிரிக்கும்."

"அங்க மீனு செத்துத்தான் வருமாம், அக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். டக்பாவுக்கு ரத்தம் ஆகாது. வீட்டில் அறுப்பு என்றால் யுட்ரோன்தான் ஆள் கூப்பிட்டு நின்று பார்த்துக்கொள்வாள். அவன் கணவாய்ப் பாதையில் ஏறிச் சின்னதாகி, வளைவில் மறைந்தான். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மிச்ச சாங்கைக் குடித்துவிட்டு, கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே யுட்ரோனுக்குக் குறுகுறுத்தது. நாய் குரைக்கவில்லை. கிட்டே வந்தபோதுதான் தெரிந்தது, குரைத்துக் குரைத்து அதற்குத் தொண்டை போயிருந்தது. சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்து கிழிந்து மார்பெல்லாம் ரத்தம். வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தம் மட்டும் வரவில்லை.

பட்டியின் கதவைத் திறந்தாள். சுவர் ஆள் உயரம். கூரை கிடையாது. ஓநாய் மேலிருந்து குதித்திருக்கிறது. உள்ளே போன ஓநாய்க்கு முன்னால் ஆடுகளுக்கு ஓட இடமில்லை. ஓடுகிற ஆட்டைப் பார்க்கப் பார்க்க அதற்கு வெறி ஏறியிருக்கும். தின்றது ஒரு தொடையும் கொஞ்சம் குடலும்தான். மற்றதெல்லாம் சும்மா கடித்துப் போட்டது. தொண்டை பிய்ந்து, வயிறு சரிந்து, ஒன்றின் மேல் ஒன்றாய் மூலையில் குவிந்து கிடந்தன. குவியலுக்கு அடியில் சில இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. குட்டி ஒன்று செத்த தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது. மந்தையில் பாதிக்குமேல் போய்விட்டது.

சோக்கியை முதுகிலிருந்து இறக்காமலே யுட்ரோன் கத்தியை எடுத்துவந்து, பிழைக்காது என்று தெரிந்தவற்றை ஒவ்வொன்றாக முடித்தாள். வழக்கமாக ஆள் கூப்பிடுகிறவள், அன்று கூப்பிடவில்லை. பிறகு முழங்கைவரை ரத்தத்தோடு ஊர்த்தலைவர் ரிக்சால் வீட்டுப் படியேறினாள்.

"ஓநாய்க் குழியைத் திறக்கணும், மாமா."

ரிக்சால் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அதைத்தான் மூடி வெச்சாச்சே. இனிமே ஓநாயக் கொல்ல மாட்டோம்னு ஊரே கைநாட்டு வெச்சுக் குடுத்திருக்கு."

"நீங்க வெச்சீங்க. என் ஆடு வெக்கலை."

அவர் பின்னாலிருந்த சுவரைக் காட்டினார். வனத்துறைக்காரர்கள் கொடுத்த பெரிய படம், காற்று வரும் விரிசலை மறைத்து ஒட்டியிருந்தது. பனிச்சிறுத்தை, காட்டு யாக், நீல ஆடு, நரி, ஓநாய், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வண்ணப் பொட்டு. "பாரும்மா. நீல ஆட்டுக்குப் பச்சை, அது நெறைய இருக்கு. ஓநாய்க்கு அடர் சிவப்பு. அதுன்னா ஒழிஞ்சு போற நெலமையில இருக்குன்னு அர்த்தம். இந்த நாட்டுலயே கொஞ்சம்தான் மிச்சமாம்."

"அந்தக் கொஞ்சமும் என் பட்டியிலதான் இருக்குது. ஒழியிறது என் ஆடு. அதுக்கு என்ன கலர்ல பொட்டு?"

கூடவே வந்த டொல்கர் வாசலில் இருந்து சொன்னாள்: "ஆட்டுக்குப் பொட்டு வெக்க மாட்டாங்கடி. உப்புப் போட்டுத் திம்பாங்க."

ரிக்சாலுக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டிக்கு மேலே விரிக்கக் கம்பிவலை தருகிறோம் என்று அலுவலகம் சொல்லியிருந்தது. தரவும் செய்தது. ஊரின் மேல்வரிசை வீடுகளுக்கு மட்டும் போதுமானதாக இருந்தது. அதில் முதல் வீடு அவருடையது. யுட்ரோன் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அவர் பட்டிப்பக்கம் ஒரு முறை பார்த்தாள், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ரிக்சால் ஆட்களோடு போய்க் குழியின் மேலிருந்த பலகைகளை எடுத்தார்.

ஓநாய்க் குழி ஊருக்கு மேலே, மடாலயத்திலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு மடிப்பில் இருக்கிறது. கல்லடுக்கிக் கட்டியது. வாய் குறுகல், போகப்போக அகலம். உள்ளே குதித்தது சுவரில் ஏறமுடியாது, சுவர் அதன் மேலேயே சாயும். உள்ளே ஓர் ஆட்டைக் கட்டிவைத்தால் மிச்சத்தை ஓநாயே பார்த்துக்கொள்ளும். யுட்ரோன் தாயை முட்டிக்கொண்டிருந்த அந்தக் குட்டியையே கொண்டுபோய்க் கட்டினாள். எப்படியும் பால் இல்லாமல் செத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

சில நாளில் விழுந்தது.

குழியில் ஓநாய் விழுந்தால் சால்டுங்கில் ஒருவர் மட்டும் கொல்லக்கூடாது. உயிரை எடுப்பது பாவம், அதனால் பாவத்தைப் பங்குபோட வேண்டும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கல். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்கள்கூட ஒரு கல்லைத் தொட்டுக் கொடுத்தனுப்புவார்கள். ஊரில் இல்லாதவர்களுக்கும் விலக்கில்லை. அவர்கள் பெயரைச் சொல்லி வீட்டுக்காரர் ஒரு கல் எறிய வேண்டும். முதல் கல் ஆடு பறிகொடுத்த வீட்டாருடையது.

யுட்ரோன் குழி விளிம்பில் நின்று எட்டிப்பார்த்தாள். குட்டி ஆடு முடிந்துபோயிருந்தது. ஓநாய் சுவரோடு ஒட்டி, தலையைத் தாழ்த்தி, மஞ்சள் கண்ணால் மேலே பார்த்தது. அவள் நினைத்ததைவிடச் சின்னதாக, மெலிந்து, முதுகில் பழைய மயிர் கொத்துக்கொத்தாய் உதிர்ந்துகொண்டிருந்தது. இதுவா அத்தனையையும் செய்தது என்றிருந்தது அவளுக்கு.

இரண்டு கையாலும் தூக்கிப் போட்டாள். கல் இடுப்பில் விழுந்தது. ஓநாய் ஊளையிடவில்லை. திரும்பித் தன் இடுப்பையே கடித்தது. பிறகு எல்லாரும் எறிந்தார்கள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு எறிந்தவர்கள் போகப்போகப் பார்த்தே எறிந்தார்கள். வீட்டுக்கு இத்தனை என்ற கணக்கு யார் நினைவிலும் இல்லை. செத்துப்போன கழுதைக்கு, காணாமல்போன குதிரைக்கு, போன குளிருக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து எறிந்தார்கள். ஓநாய் விழுகிற கல்லைக் கவ்வியது. பல் உடையும் சத்தம் மேலே கேட்டது. பின்கால் நொறுங்கிய பிறகும் முன்காலால் எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது. டொல்கர் அழுதுகொண்டே எறிந்தாள். "சாவேன், செத்துத் தொலையேன்," என்று கத்தினாள்.

கல் தீர்ந்து எல்லாரும் மூச்சு வாங்கியபோதும் அது தலையை நிமிர்த்தியே வைத்திருந்தது. யுட்ரோன் இடுப்பிலிருந்த கம்பளிக் கவணை உருவினாள். நல்ல உருண்டைக் கல்லாகப் பார்த்து எடுத்தாள்.

"இது டக்பாவோடது," என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி.

கவண் ஒரு சுற்றுச் சுற்றியது. கல் இரண்டு கண்ணுக்கும் நடுவில் போய் விழுந்தது. தலை சாய்ந்தது.

தோலை உரிக்கையில்தான் பார்த்தார்கள். அடிவயிற்றில் மயிர் வழுக்கையாகி, காம்புகள் சிவந்து தடித்திருந்தன. கத்தி பட்ட இடத்தில் ரத்தத்தோடு வெள்ளையாகப் பால் கசிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோக்கி பசியில் சிணுங்கினாள். அந்தச் சத்தத்துக்கு யுட்ரோனின் மார்பும் சுரந்து சட்டை நனைந்தது. அவள் மேலாடையை இழுத்து மூடிக்கொண்டு, உரித்து முடித்தாள். இரண்டு நாள் கழித்து, கழுத்துப் புண்ணோடு திரிந்த கரடி வாயில் எதையோ கவ்விக்கொண்டு வந்து வாசலில் போட்டது. கையளவு ஓநாய்க் குட்டி, கண் அப்போதுதான் திறந்திருந்தது. அதை அவள் ஓடையில் விட்டாள். கரடி மீதிக் குட்டிகளைத் தேடி மறுபடி மேலே ஓடியது. அவள் கூப்பிடவில்லை.

ஓநாயைக் கொன்ற வீட்டார் அதன் தோலில் வைக்கோல் அடைத்து ஊர் ஊராக எடுத்துப்போனால், போகிற இடமெல்லாம் தானியமும் வெண்ணெயும் தருவார்கள். ஆடு போன வீடு மறுபடி எழுந்து நிற்க அதுதான் வழி. யுட்ரோன் சோக்கியை முன்னால் கட்டிக்கொண்டு, வைக்கோல் ஓநாயை முதுகில் சுமந்து, பள்ளத்தாக்கு முழுக்க நடந்தாள். நிறையக் கிடைத்தது. கீழ் ஊர் ஒன்றில் யாரோ அதைப் போனில் படமும் எடுத்தார்கள். அவளும் நின்று காட்டினாள்.

படம் அவளைவிட வேகமாக நடந்தது. அவள் ஊர் திரும்பி மூச்சுவிடுவதற்குள் ரேஞ்சர் ஹிக்மத் ரோகாயா இரண்டு போலீஸ்காரர்களோடு வந்துவிட்டார். அதே ரோகாயாதான் முன்பு வந்து அந்தப் பொட்டு வைத்த விலங்குப் படத்தை ஒட்டிவிட்டுப் போனவர். ரிக்சால் வீட்டுக்குள் வைக்கோல் ஓநாயைப் பார்த்ததும் குந்தி உட்கார்ந்து அதன் வயிற்றைத் தடவினார். பிறகு எழுந்து ரிக்சாலின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினார். சுவரில் இருந்த படம் கிழிந்தது.

"இந்தப் பொட்டைப் பத்தி எத்தனை தடவை சொன்னேன்? பால் குடுக்கிற ஓநாய்யா! குட்டியோட சேத்துக் குடும்பத்தையே கொன்னிருக்கீங்க!"

"எங்க குடும்பத்தை அது கொன்னப்ப நீங்க எங்க சார் இருந்தீங்க?" என்றாள் யுட்ரோன்.

ரோகாயா சட்டையை விட்டார். "யார் கொன்னது?"

"எல்லாரும்," என்றார் ரிக்சால்.

"எல்லாரையும் பிடிச்சுட்டுப் போக முடியாது. எனக்கு ஒரு பேர் வேணும். ஒரே ஒரு பேர். " யுட்ரோனை அக்கா முறை வைத்து அழைத்தார்: "தீதி, போன் படத்துல இருக்கிறது நீங்க. நாளைக்குக் காலையில வேற பேர் வரலைன்னா உங்களைத்தான் கூட்டிட்டுப் போகணும். சில வருஷம் உள்ள இருக்க வேண்டி வரும்."

"கொழந்த?"

ரோகாயா போலீஸ்காரர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார்.

பாவத்தைப் பங்குபோடத் தெரிந்த ஊருக்கு ஜெயிலைப் பங்குபோடத் தெரியவில்லை. அன்று பிற்பகல் எல்லாரும் கூடினார்கள். தலைவர் பதவிக்கு உருட்டுவதுபோலத் தாயம் உருட்டிப் பார்க்கலாம் என்றார் ஒருவர். விழுகிறவர் போகட்டும்.

"எதுக்கு உருட்டணும்?" என்றாள் டொல்கர். "குழியைத் திறக்கச் சொன்னவ அவ. ஊர் ஊரா வாங்கித் தின்னவ அவ. போஸு குடுத்தவளும் அவதான்."

"நீ எறியலையாடி?" யுட்ரோன் பாய்ந்து அவள் பின்னலைப் பிடித்தாள். இரண்டு பேரும் சாணப் புழுதியில் உருண்டார்கள். டொல்கர் அவள் முகத்தைக் கீறினாள். யுட்ரோன் அவள் காதுத் தோட்டை மடலோடு பிய்த்தாள். ஆண்கள் சேர்ந்து பிரித்தபோது டொல்கரின் தோள் முழுக்க ரத்தம்.

"நான் போனா எம்பொண்ண யாரு பாப்பா? மிச்ச ஆட்ட யாரு மேய்ப்பா? சொல்லு! நீ பாப்பியா?"

டொல்கர் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ரிக்சால் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு கேக்குறேன். அது செத்தது யார் கல்லுல?"

எல்லாருக்கும் தெரியும்.

"டக்பாவோட கல்லுலதானே?" என்றார் அவர். "நாம எல்லாரும் பாத்தோம். இதுல பொய் இல்ல. அவன் எட்டாத இடத்துல இருக்கான். அங்க வந்து யாரும் பிடிக்கப் போறதில்ல."

யுட்ரோன் அவரைப் பார்த்தபடியே நின்றாள். எறிந்தது அவள் கை. கல் அவனுடையது. சால்டுங்கில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். மடாலயத்தில் லாமாவைக் கேட்டாலும் அப்படித்தான். பாவத்தில் அவன் பங்கு அவன் கணக்கில் ஏற்கெனவே ஏறிவிட்டது. ஆனால் இந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் அவன் திரும்பி வரவே முடியாது. கொடுக்காவிட்டால் அவள் போக வேண்டும், பால்குடி மறக்காத பெண்ணையும் விட்டுவிட்டு. புருஷனா, பிள்ளையா. வேறு வழி தேடினாள். இல்லை.

காலையில் ரோகாயா முன்னால் அவளே போய் நின்றாள். அந்தப் பெயரை வேறு யார் வாயிலிருந்தும் கேட்க அவளுக்கு இஷ்டமில்லை.

"என் வீட்டுக்காரர். டக்பா."

"எங்க அவர்?"

"வெளிநாடு போயிட்டார்."

"எப்போ போனார்?"

"கொன்னுட்டுப் போனார்."

அவள் கன்னத்தில் இருந்த கீறல்களையும், முதுகில் தூங்கிய சோக்கியையும் ரோகாயா பார்த்தார். தேதி எதுவும் கேட்கவில்லை. எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "அவர் திரும்பி வந்தா இறங்கின எடத்துலயே பிடிப்பாங்க. தெரியுமில்ல, தீதி?" என்றார்.

"தெரியும்."

அவர்கள் போன பிறகு யுட்ரோன் வீட்டைப் பெருக்கினாள். கதவு மூலைவரை, ஒரு துகள் விடாமல்.

அதே வருடம் குளிருக்கு முன்னால் கடப்பாரையோடு தனியாகப் போய்க் குழியை இடித்தாள். விரல் நசுங்கி இரண்டு நகம் போயிற்று. கல்லை ஒவ்வொன்றாகச் சுமந்துவந்து தன் பட்டிச் சுவரை உயர்த்தினாள். அடுத்த கோடையில் கம்பிவலை வந்தபோது முதல் சுருளை ரிக்சாலே தூக்கிக்கொண்டு வந்து அவள் பட்டியின் மேல் விரித்தார். டொல்கர் ஆணி பிடித்தாள், கிழிந்த காதோடு. அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். திட்டித்தான்.

ஓநாய்கள் வராமல் இல்லை. கவணோடு மலைமேல் ஓடி, முன்னங்காலுக்கு ஒரு முழம் தள்ளிக் கல் விழுமாறு அடித்துத் துரத்துவாள். கீழ் ஊர்க்காரன் ஒருவன் ஓநாய் வளையில் புகைபோட வந்தபோது அதே கவணால் அவன் மணிக்கட்டை உடைத்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு புரண்டான்.

"ஓநாய்க்காரி! அதுமேல அப்படி என்னடி பாசம் உனக்கு?"

"பாசமா, மண்ணாங்கட்டி. இன்னொண்ணு செத்தா ரேஞ்சர் இன்னொரு பேர் கேப்பான். குடுக்க எங்கிட்ட பேர் இல்ல. எந்திரிச்சு ஓடு, இல்லைன்னா அடுத்த கையும் போயிடும்."

டக்பா நியூயார்க்கிலிருந்து வாரம் தவறாமல் போனில் குரலைப் பதிந்து அனுப்புவான். மேட்டு முனையில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய் அவள் கேட்பாள். இந்தப் புத்தாண்டுக்கு வரட்டுமா என்பான். பனி அதிகம் என்பாள். கோடையில் வரட்டுமா என்பான். சோக்கிக்குப் பரீட்சை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பாள். அந்த ஒன்றை மட்டும் அவளால் சொல்லவே முடியவில்லை. சொன்னால் அவன் கோபப்படுவான் என்பதால் அல்ல. ஓஹோ அப்படியா, சரி என்று சொல்லிவிட்டு, அதன்பின் வரட்டுமா என்று கேட்பதை நிறுத்திவிடுவானோ என்று பயந்தாள்.

"வேற எவனையாவது சேத்துக்கிட்டியாடி?" என்று ஒருமுறை கேட்டான். சிரித்துக்கொண்டேதான்.

"ஆமா, ஓநாயச் சேத்துக்கிட்டேன்," என்றாள். அவனும் சிரித்தான்.

சோக்கி அவள் தோளுக்கு வளர்ந்துவிட்ட ஒரு வசந்தத்தில், குட்டி போடுகிற காலத்தில், மேட்டு முனையில் அவனுடைய குரல் செய்தி ஒன்று வந்தது. சோக்கிதான் போனை அழுத்திக் கொடுத்தாள். பின்னணியில் பாத்திரம் உருளும் சத்தம். பிறகு அவன் குரல்.

"யுட்ரோன், ரிக்சால் மாமாவோட பையன் இங்க வந்திருக்கான். நேத்துக் குடிச்சுட்டு எல்லாத்தையும் கொட்டிட்டான். ஓநாய் கொன்ன கேஸு ஒண்ணு எம்பேர்ல இருக்காமே? மொதல்ல சிரிச்சேன். இங்க மீன் வெட்டுறப்பவே கண்ண மூடிக்கிறவன் நான், ஓநாயக் கொன்னேனாம். அப்புறம் ராத்திரி பூரா தூக்கம் வரல. இத்தன வருஷம் பனி, பரீட்சைன்னு சொல்லிச் சொல்லி என்னைய ஏமாத்தியிருக்கியே, பாவி. ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே வந்திருப்பேன். சரி, கேளு. டிக்கெட் எடுத்துட்டேன். பிடிச்சா பிடிக்கட்டும். சில வருஷம் உள்ள இருந்துட்டு நேரா வீட்டுக்கு வந்துடுவேன். அழாத. அங்க எங்கிட்ட கேள்வி கேப்பாங்க. மாத்திச் சொன்னேன்னா மறுபடி உன்கிட்டதான் வருவாங்க. அதனால கெளம்புறதுக்குள்ள நிதானமா, ஒண்ணு விடாம எனக்குச் சொல்லு. அது ஆணா, பொட்டையா? நான் அதை எப்படிக் கொன்னேன்?"